நோட்டீஸ் ஒட்டாதீர்

அரூரிலிருந்து கோட்டப்பட்டி போகும் சாலையில் பதினாறு கிலோமீட்டர் வாக்கில் இருக்கிறது தீர்த்தமலை. மலைமேல் தீர்த்தகிரீஸ்வரர், பாறையிலிருந்து கொட்டும் ராம தீர்த்தம், அருணகிரிநாதர் பாடிய தலம் என்ற பெருமை. வெளியூர்க்காரர் ஒருவர் அங்கே போக நினைத்தால் இன்று முதலில் செய்வது, கைப்பேசியில் 'தீர்த்தமலை கோயில் நடை திறக்கும் நேரம்' என்று தேடுவதுதான். வேண்டியது ஒரே ஒரு வரி. அந்த வரிக்கு முன்னால் வந்து நிற்பவை பல: 'அறிவிப்புகள் அனுப்பலாமா?' என்று கேட்கும் பெட்டி, திரையின் கீழ்ப்பாதியை மூடிக்கொள்ளும் நகைக்கடை, மூலையில் தானாக ஓடத் தொடங்கும் வீடியோ, அதை மூடுவதற்கென்று கொடுத்திருக்கும் கடுகளவுப் பெருக்கல் குறி. குறியைத் தொடப் போன கட்டைவிரல் விளம்பரத்தைத் தொட்டுவிட, வேறொரு பக்கம் திறக்கிறது. நடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்பது இன்னும் தெரியவில்லை.

இந்த எரிச்சலுக்கு மருந்தாக வந்தவை விளம்பரத் தடுப்பான்கள். அவற்றுக்கு இப்போது கட்டுப்பாட்டுக்கு மேல் கட்டுப்பாடு. கூகுளின் குரோம் உலாவி பழைய பாணித் தடுப்பான்களை 2025 நடுப்பகுதிக்குள் முற்றாக முடக்கிவிட்டது. யூடியூப் 2023 அக்டோபரிலிருந்து தடுப்பான் வைத்திருப்பவர்களுக்கு வீடியோவையே நிறுத்திக் காட்டுகிறது. இதைப் பற்றி மேலைநாடுகளில் நடக்கும் சண்டையெல்லாம் பெரும்பாலும் மேசைக் கணினி முன் உட்கார்ந்திருப்பவரை மனத்தில் வைத்தே நடக்கிறது. தருமபுரி மாவட்டத்துக் கைப்பேசியிலிருந்து பார்த்தால் கதை வேறு. பெரும்பாலோரிடம் பறித்துக்கொள்ள அங்கே இப்போது தடுப்பானே இல்லை.

செலவுக் கணக்கிலிருந்து தொடங்கலாம். 2024 ஜூலையில் கட்டணங்கள் உயர்ந்த பிறகு, நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் ஜியோவின் 28 நாள் திட்டம் ₹299 ஆனது. வகுத்துப் பார்த்தால் ஒரு ஜிபி ஏழு ரூபாய் சொச்சம். விளம்பரம் மொய்க்கும் ஒரு பக்கம் பத்து எம்பி தின்றாலும் பத்துப் பைசாவுக்குள் முடிந்துவிடும். 'என் காசைத் தின்கிறது' என்ற புகார் 2016 செப்டம்பரில் ஜியோ வருவதற்கு முன் நியாயமாக இருந்தது. ரூபாய்க் கணக்கில் இன்று அது அவ்வளவாக நிற்காது. நிற்பது நாள் வரம்பு. அன்றைய 1.5 ஜிபி தீர்ந்தால் வேகம் 64 கேபிபிஎஸ்-க்கு இறங்கிவிடும்; படம் கூட ஏறாது. வீட்டில் ஒரே கைப்பேசி, அதிலேயே அப்பாவின் செய்தி, அம்மாவின் சீரியல், பிள்ளையின் பாட வீடியோ என்றிருக்கும் குடும்பத்தில், தானாக ஓடிய விளம்பரம் எடுத்துக்கொண்டது யாருடைய பங்கு? 2015-ல் நியூயார்க் டைம்ஸ் 50 செய்தித் தளங்களைக் கைப்பேசியில் திறந்து அளந்து பார்த்தது. இறங்கிய தரவில் பாதிக்கு மேல் விளம்பரங்களும், தடுப்பான் வடிகட்டக்கூடிய மற்றச் சரக்கும்தான். செய்தி மீதிப் பாதி. மலைப்பக்க ஊர்களில், சிக்னல் மெலிந்த இடத்தில், அந்தப் பாதி காத்திருப்பாக மாறுகிறது.

ஆனாலும் எம்பி கணக்கு விஷயத்தின் ஓரம்தான். நடுவில் இருப்பது அனுமதி பற்றிய கேள்வி: என் பார்வைக்கு முன்னால் ஒன்றைக் கொண்டுவந்து வைப்பவர் என்னிடம் கேட்க வேண்டுமா, அல்லது அதைப் பார்க்காமல் இருக்க நான் அவரிடம் கேட்க வேண்டுமா?

தமிழ்நாடு இந்தக் கேள்விக்குச் சுவரை வைத்து எப்போதோ பதில் சொல்லிவிட்டது. மதில் கட்டி வெள்ளையடித்ததும் 'நோட்டீஸ் ஒட்டாதீர்', 'விளம்பரம் செய்யாதீர்' என்று எழுதிவைப்பது நம் வழக்கம். அப்படி எழுதியதற்காகச் சினிமா போஸ்டர்காரர்களின் பிழைப்பைக் கெடுத்துவிட்டார் என்று வீட்டுக்காரரை யாரும் திட்டியதில்லை. சுவர் அவருடையது. விளம்பரத் தடுப்பான் செய்யும் வேலையும் இதற்கு மேல் ஒன்றுமில்லை. தன் கைப்பேசித் திரையில் ஒருவர் எழுதி வைக்கும் 'நோட்டீஸ் ஒட்டாதீர்' அது.

சட்டமும் சுவர்க்காரர் பக்கமே நின்றது. பொதுமக்கள் பார்வையில் படும் இடங்களை விளம்பரத்தால் அலங்கோலப்படுத்துவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கும் சட்டம் இங்கே 1959-லேயே வந்துவிட்டது. பின்னால் டிஜிட்டல் அச்சு மலிந்து, பிளெக்ஸ் பேனர்கள் ஊரை மூடின. சமூக ஆர்வலர் டிராபிக் ராமசாமி வழக்கு மேல் வழக்காகப் போட்டார். நேரே போய்ப் பேனரைக் கிழித்தும் போட்டார். 2017 நவம்பரில் கோவை அவிநாசி சாலையில், நடுச்சாலைவரை நீண்டிருந்த வரவேற்பு வளைவின் கட்டையில் மோதி இளைஞர் ஒருவர் இறந்தார். 2018 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் மாநிலம் முழுவதும் டிஜிட்டல் பேனர்களுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அதற்குப் பிறகும், 2019 செப்டம்பர் 12 அன்று பள்ளிக்கரணையில் கல்யாண பேனர் ஒன்று ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண் பொறியாளர் மேல் சரிந்து, பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறி அவர் இறந்தார். எந்த ஊர்த் திருவிழாவுக்குப் போனாலும் பேனர் இன்றும் இருக்கிறது என்பது வேறு விஷயம். சட்டத்தை மீறுகிறவர்கள்கூட, வைப்பவன் அனுமதி வாங்க வேண்டும் என்ற கொள்கையை மறுப்பதில்லை. பேனரின் ஓரத்தில் அனுமதி எண்ணை அச்சிட வேண்டும் என்ற விதியே அந்தக் கொள்கையிலிருந்து வந்ததுதான்.

தொலைபேசிக்கும் இதே கொள்கை நீண்டது. தொந்தரவு அழைப்புகளை மறுப்பவர்களுக்கான பதிவேடு 2007-ல் தொடங்கியது; 2010-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அதற்கு முறையான ஒழுங்குவிதிகளைக் கொண்டுவந்து 2018-ல் இறுக்கியது. 1909 என்ற எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் 'வேண்டாம்' என்பது பதிவாகிவிடும். 2025 முதல், வரும் குறுஞ்செய்தி விளம்பரமா சேவைத் தகவலா என்பதை அனுப்புநர் பெயரின் கடைசி எழுத்தே காட்டிக்கொடுக்கிறது. தொல்லை முற்றாக ஒழிந்ததா என்றால் இல்லை. தனிநபர் எண்களிலிருந்து கடன் வேண்டுமா என்று கேட்டு அழைப்புகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. ஆனால் மறுக்கும் உரிமை நமக்கு இருக்கிறது என்பதை அரசு ஏற்றுக்கொண்டிருக்கிறது. தொலைக்காட்சியிலும் மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்பது கேபிள் டிவி விதிகளில் உள்ள வரம்பு. டிராய் அதை அமல்படுத்தப் போனபோது ஒளிபரப்பாளர்கள் 2013-ல் டெல்லி உயர் நீதிமன்றம் போனார்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

சுவர், தொலைபேசி, தொலைக்காட்சி மூன்றிலும் ஒப்புக்கொண்ட ஒன்று, கைப்பேசித் திரைக்கு வரும்போது தலைகீழாகிறது.

இணையத்தின் முதல் பேனர் விளம்பரம் 1994 அக்டோபர் 27 அன்று ஹாட்வயர்டு தளத்தில், ஏடி அண்ட் டி நிறுவனத்துக்காக வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ட்ரைபாட் என்ற தளத்தில் வேலை பார்த்த ஈதன் ஸக்கர்மன், தனி ஜன்னலாகத் துள்ளி எழும் விளம்பரத்துக்கான நிரலை எழுதினார். 2014-ல் அதற்காகப் பகிரங்கமாக மன்னிப்பும் கேட்டார். துள்ளும் ஜன்னல்களை உலாவிகளே தடுக்கத் தொடங்கின. 2004 வாக்கில் எல்லாப் பெரிய உலாவிகளிலும் அந்த வசதி இருந்தது. அப்போது அதைத் திருட்டு என்ற பேச்சு பெரிதாக எழவில்லை.

2002-ல் ஹென்றிக் ஆஸ்டெட் சோரன்சன் என்ற டென்மார்க் மாணவர் 'ஆட்பிளாக்' என்ற, உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் நீட்சியை எழுதினார். அதைப் புதிதாக்கி விளாடிமிர் பலான்ட் 2006-ல் 'ஆட்பிளாக் பிளஸ்' செய்தார். வேலை செய்யும் விதம் எளிது. ஒரு பக்கத்தைத் திறந்தால் உலாவி பல இடங்களுக்கு ஆள் அனுப்புகிறது: கட்டுரை ஓரிடம், படம் ஓரிடம், விளம்பரம் இருபது இடம். ஒவ்வொரு கோரிக்கையும் புறப்படும் முன், தன்னார்வலர்கள் பராமரிக்கும் பட்டியலோடு ஒப்பிட்டு, 'இது போகட்டும், இது வேண்டாம்' என்று நீட்சி முடிவு செய்கிறது. வேண்டாம் என்றால் அந்த விளம்பரம் இறங்குவதே இல்லை. எம்பி மிச்சம், நேரம் மிச்சம், பின்தொடரும் கண்ணும் இல்லை.

இங்கே ஆசியாவின் பங்கை மேலைநாட்டு விவாதம் மறந்துவிடுகிறது. பேஜ்ஃபேர் என்ற நிறுவனம் 2017-ல் வெளியிட்ட கணக்குப்படி, 2016 முடிவில் உலகில் 38 கோடி கைப்பேசிகளில் விளம்பரத் தடுப்பு இருந்தது. அவற்றில் மிகப் பெரும்பங்கு ஆசிய பசிபிக் நாடுகளில். அவற்றை வைத்திருந்தவர்கள் கணினித் திறன் படைத்தவர்களோ கொள்கைக்காகப் போராடுபவர்களோ இல்லை. மலிவான போன், மெதுவான நெட், விலை மிகுந்த டேட்டா. அதனால் தடுப்பு உள்ளமைந்த, பக்கங்களைச் சுருக்கி இறக்கும் யூசி பிரவுசர் போன்றவற்றை வைத்திருந்தார்கள். நம் ஊர்ச் செல்போன் கடைகளில் புது போன் வாங்கினால் கடைக்காரரே ஏற்றிக்கொடுத்த செயலி அது. அலிபாபாவுக்குச் சொந்தமான அந்த உலாவி 2020 ஜூன் 29 அன்று மற்ற 58 சீனச் செயலிகளோடு இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. பயனர் தரவை அது எப்படிக் கையாண்டது என்பது பற்றி முன்பே கடுமையான கேள்விகள் இருந்தன. அது போனதற்காக அழ வேண்டியதில்லை. ஆனால் அது போன இடத்தை நிரப்பியது பெரும்பாலும் போனோடு வரும் குரோம். ஆண்ட்ராய்டு குரோமில் நீட்சிகளைப் போடவே வழியில்லை.

இதைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். இந்தியாவில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட கைப்பேசிகள் ஆண்ட்ராய்டு. அதன் உரிமையாளர் கூகுள். செயலிக் கடை கூகுளுடையது. பிற செயலிகளின் விளம்பரத்தைத் தடுக்கும் செயலிகளை அந்தக் கடையிலிருந்து 2013 மார்ச்சிலேயே கூகுள் நீக்கிவிட்டது. உலாவி கூகுளுடையது. அதிகம் பார்க்கப்படும் வீடியோத் தளம் கூகுளுடையது. இவற்றில் ஓடும் விளம்பரங்களை ஏலம் விடும் சந்தையும் அதனுடையதே. தாய் நிறுவனமான ஆல்பபெட்டின் 2024 வருவாய் ஏறத்தாழ 35,000 கோடி டாலர்; அதில் சுமார் 26,500 கோடி விளம்பரத்திலிருந்து வந்தது. முக்கால் பங்கு. வீட்டைக் கட்டிக்கொடுத்தவரே போஸ்டர் அச்சகமும் வைத்திருந்தால், சுவரில் என்ன எழுதலாம் என்ற விதியை அவர் எந்தப் பக்கம் சாய்த்து எழுதுவார்?

கணினி குரோமில் நடந்தது அந்தச் சாய்வுதான் என்பது என் எண்ணம். நீட்சிகளுக்கான 'மேனிஃபெஸ்ட் வி3' என்ற புதிய விதிமுறையை கூகுள் 2018 முடிவில் முன்வைத்தது. ஒவ்வொரு கோரிக்கையையும் நீட்சி தானே பார்த்துத் தடுக்கும் அதிகாரம் அதில் இல்லை. பட்டியலை முன்கூட்டியே உலாவியிடம் ஒப்படைக்க வேண்டும். எத்தனை விதிகள் இருக்கலாம் என்பதற்கும் உச்சவரம்பு. முடிவெடுப்பது இனி உலாவி. பாதுகாப்புக்காக என்றது கூகுள். அதில் பொய் இல்லை. திறக்கும் பக்கத்தையெல்லாம் பார்க்கும் அதிகாரம் கொண்ட நீட்சிகளை வைத்துக் கடவுச்சொல் திருடிய கூட்டங்கள் உண்டு. ஆனால் வலுவான தடுப்பானான 'யூபிளாக் ஆரிஜின்' அப்படிப்பட்டதில்லை. ரேமண்ட் ஹில் என்பவர் நன்கொடைகூட வாங்காமல், திறந்த மூலமாக எழுதி வைத்திருப்பது அது. 2024-ல் எச்சரிக்கை காட்டத் தொடங்கி, மறு ஆண்டு நடுவில் குரோம் அதை அணைத்துவிட்டது. இப்போது குரோமில் கிடைப்பது அதன் மெலிந்த வடிவம். ஃபயர்பாக்ஸ் பழைய முறையையும் வைத்துக்கொண்டிருக்கிறது. அதனால் அது பாதுகாப்பைக் கைவிட்டுவிட்டது என்று சொல்ல முடியாது.

யூடியூபின் கதையைத் தனியாகப் பார்ப்பதே நியாயம். அது ஒரு தளம். தன் வாசலில் விதி போட அதற்கு உரிமை உண்டு. விளம்பரம் பார்க்க மாட்டேன் என்பவரை உள்ளே விடமாட்டேன் என்று எந்தப் பத்திரிகைத் தளமும் சொல்லலாம். ஆக்செல் ஸ்பிரிங்கர் என்ற ஜெர்மன் பத்திரிகைக் குழுமம் ஆட்பிளாக் பிளஸை நடத்தும் ஐயோ நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டபோது, தடுப்பான் நியாயமற்ற வணிகம் ஆகாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2018 ஏப்ரலில் சொன்னது. தடுப்பான் வைத்திருப்பவரை வெளியே நிறுத்தும் வழி பதிப்பாளருக்கு இருக்கிறதே என்பதும் அதன் வாதத்தில் ஒன்று. பதிப்புரிமை அடிப்படையில் போட்ட இன்னொரு வழக்கை அதே நீதிமன்றம் 2025 ஜூலையில் மறு விசாரணைக்குத் திருப்பி அனுப்பியிருப்பதால் கதை முடியவில்லை. வாசலை அடைப்பது கடைக்காரர் உரிமை. வாடிக்கையாளரின் கண்ணாடியைக் கழற்றி வைப்பது யாருடைய உரிமையும் இல்லை. யூடியூப் செய்வது முதல் வகை, குரோம் செய்வது இரண்டாம் வகை. இரண்டும் ஒரே முதலாளியின் கையில் இருப்பதால்தான் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. விளம்பரம் இல்லாமல் பார்க்க யூடியூப் விற்கும் பிரீமியம் சந்தா 2019-ல் இந்தியாவுக்கு வந்தபோது மாதம் ₹129. 2024 ஆகஸ்டில் ₹149. 28 நாளும் டேட்டா தரும் ரீசார்ஜின் பாதி விலை அது. கல்லூரி ஆசிரியருக்கு அது ஒரு செலவே இல்லை. நூறு நாள் வேலைக்குப் போகிறவர் வீட்டில் அந்தப் பேச்சே எழாது.

எதிர்த்தரப்பில் நியாயம் இருக்கிறது. விளம்பரம் இல்லாமல் பத்திரிகை எப்படி நடக்கும்? நம் நாட்டு இதழியலின் வரலாறே இதற்குச் சாட்சி. எஸ். எஸ். வாசன் விளம்பர முகவராக இருந்துதான் 1928-ல் ஆனந்த விகடனை வாங்கினார். அமிர்தாஞ்சன் தைலம் விற்ற காசில் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் ஆந்திர பத்ரிகா என்ற தெலுங்கு இதழை நடத்தினார். மறுபக்கம், காந்தி யங் இந்தியாவையும் நவஜீவனையும் விளம்பரம் வாங்காமலே நடத்தினார், சி. சு. செல்லப்பா 1959-ல் தொடங்கிய 'எழுத்து' இதழ் சந்தாவை நம்பியே மூச்சுவிட்டது, நம்பியதால் திணறவும் செய்தது. ஆனால் அச்சு விளம்பரத்துக்கு ஒரு மரியாதை இருந்தது. விகடன் அட்டையில் வந்த சோப்பு விளம்பரம், வாசகர் எந்த ஊர், நேற்று என்ன தேடினார், எந்த வங்கியில் கணக்கு என்று கேட்டதில்லை. படித்துக்கொண்டிருக்கும் சிறுகதையின் மேல் ஏறி உட்கார்ந்ததும் இல்லை. இன்றைய பக்கம் திறக்கும் கணத்தில், திறப்பவரைப் பற்றிய விவரங்கள் முகந்தெரியாத பல நிறுவனங்களுக்குப் போய், அவரது பார்வை ஏலம் விடப்படுகிறது. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் 'விளம்பரம் எப்போதும் இருந்ததுதானே' என்பது பாதி உண்மை.

ஏலத்தில் வரும் பணமாவது எழுதியவருக்குப் போகிறதா? பிரிட்டனின் விளம்பரதாரர் சங்கத்துக்காகப் பிடபிள்யூசி 2020-ல் செய்த ஆய்வில், விளம்பரதாரர் செலவழித்த 100 பவுண்டில் 51 பவுண்டுதான் பதிப்பாளரை அடைந்தது. 15 பவுண்டு எங்கே போனது என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. 2025 ஏப்ரல் 17 அன்று அமெரிக்க நீதிபதி லியோனி பிரிங்கெமா, விளம்பரச் சந்தையின் இரு பகுதிகளில் கூகுள் சட்டவிரோத ஏகபோகம் நடத்துகிறது என்று தீர்ப்பளித்தார். இந்தியச் செய்தித் தளங்களின் புகாரை ஏற்றுப் போட்டி ஆணையம் 2022 ஜனவரியில் கூகுளின் மேல் விசாரணைக்கு உத்தரவிட்டது. வாசகர் தடுப்பான் போட்டதால் பத்திரிகை செத்தது என்பவர்கள் இந்த வரவு செலவையும் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம்.

தமிழ் இணையத்துக்கு இதில் தனிக் கதை உண்டு. கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரச் சேவை தமிழ்ப் பக்கங்களை ஏற்றுக்கொண்டதே 2018 பிப்ரவரியில்தான். அதற்கு முன்னான இருபது ஆண்டுகளில் தமிழில் எழுதியவர்களுக்கு விளம்பர வருமானம் என்ற ஆசையே பெரிதாக இல்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா, 2004-ல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் திரட்டியைச் சுற்றி வளர்ந்த வலைப்பதிவு உலகம், 2005-ல் ஈழத்து நூல்களைக் காக்கத் தொடங்கிய நூலகம், 2013-ல் வந்த கட்டற்ற மின்னூல்கள் திட்டம்: தமிழ் இணையத்தில் இன்று நிலைத்து நிற்கும் செல்வத்தில் பெரும்பங்கு இந்தக் காலத்து உழைப்பு. சங்க இலக்கியம் வேண்டுமென்றால் விளம்பரம் இல்லாத பக்கம் திறக்கிறது. ராசிபலனும், நடிகையின் திருமணச் செய்தியும், கோயில் நடை நேரமும் வேண்டுமென்றால்தான் மேலே சொன்ன கூத்து. காரணம் எளிது. தமிழ்ப் பக்கத்தில் ஒரு விளம்பரத்துக்குக் கிடைக்கும் விலை ஆங்கிலப் பக்கத்தை விட மிகக் குறைவு. ஈடுகட்ட, தளக்காரர் ஒன்றுக்குப் பதில் ஐந்து வைக்கிறார். ஒரு பக்கச் செய்தியை 'மேலும் படிக்க' என்று நான்காக உடைக்கிறார். வாசகர் எரிச்சல் பட்டு ஓடுகிறார், வருமானம் இன்னும் இறங்குகிறது, ஐந்து எட்டாகிறது. உள்ளூர்ச் செய்தி எழுதும் சிறு தளங்களைப் பார்த்தால் பரிதாபமாகவே இருக்கிறது. அவர்களை வில்லனாக்க எனக்கு மனமில்லை.

வரும் விளம்பரங்கள் எப்படிப்பட்டவை என்பதையும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்பு தமிழ்த் திரையில் எதைத் தொட்டாலும் ஆன்லைன் ரம்மி. அதில் பணம் தோற்றவர்களின் தற்கொலைகள் தொடர்ந்தபின் தமிழ்நாடு 2022-ல் சட்டம் இயற்றியது. அது ஆளுநரைத் தாண்டி வர 2023 ஏப்ரல் ஆனது. பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரங்களையும் மொத்தமாகத் தடைசெய்யும் மத்தியச் சட்டம் 2025 ஆகஸ்டில் வந்தது. அத்தனை காலமும், தன் பிள்ளையின் கைப்பேசியில் அந்த விளம்பரம் வராமல் பார்த்துக்கொள்ள ஒரு தகப்பனுக்கு உலாவியில் இருந்த ஒரே கருவி தடுப்பான்தான். மெட்டாவின் உள் ஆவணங்களை வைத்து ராய்ட்டர்ஸ் 2025 நவம்பரில் வெளியிட்ட செய்தி, 2024 வருவாயில் ஏறத்தாழ 10 விழுக்காடு மோசடி விளம்பரங்களிலிருந்தும் தடைசெய்யப்பட்ட பொருள் விளம்பரங்களிலிருந்தும் வரும் என்று அந்நிறுவனமே மதிப்பிட்டிருந்ததாகச் சொன்னது. அந்த மதிப்பீடு தோராயமானது, மிகையானது என்றது மெட்டா. அமெரிக்கக் காவல் அமைப்பான எஃப்பிஐ, நிறுவனங்களைப் போல வேடமிட்டு வரும் தேடல் விளம்பரங்களிலிருந்து தப்பிக்கத் தடுப்பான் போட்டுக்கொள்ளுங்கள் என்று 2022 டிசம்பரில் பொதுமக்களுக்கு அறிவுரையே வெளியிட்டது. போலீஸ் போட்டுக்கொள்ளச் சொல்வதை உலாவிக்காரர் கழற்றச் சொல்கிறார்.

தடுப்பான் உலகமும் சுத்தமானதில்லை. ஐயோ நிறுவனம் 2011-ல் 'ஏற்கத்தக்க விளம்பரங்கள்' என்ற திட்டம் கொண்டுவந்து, தொந்தரவு தராதவற்றை இயல்பாகவே உள்ளே விட்டது. பெரிய நிறுவனங்கள் அதற்குக் காசு கொடுக்க வேண்டும். கொடுத்தவர்களில் கூகுளும் உண்டு. நோக்கம் நல்லதாகவே இருக்கட்டும். தடுப்பவரே சுங்கம் வசூலிக்கும் ஏற்பாட்டில் வாசகரின் குரல் எங்கே இருக்கிறது என்பது தெரியவில்லை.

இந்தியாவில் விளம்பரத் தடுப்பானைக் குற்றமாக்கும் சட்டம் எதுவும் இல்லை. பாதுகாக்கும் சட்டமும் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று அறிவித்த வழிகாட்டு நெறிகள், ஏமாற்றும் திரை வடிவமைப்புகளை 13 வகையாகப் பிரித்துத் தடைசெய்கின்றன. செய்தி போல வேடமிட்ட விளம்பரம் அதில் ஒன்று. மூட வேண்டிய பெருக்கல் குறி இன்னொரு விளம்பரத்தைத் திறப்பது உதாரணமாகவே குறிப்பிடப்பட்டிருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் இதைப் புகாராகச் சொல்லலாம். குழந்தைகளைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டுவதை 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்து, கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன. இவையெல்லாம் விளம்பரம் எப்படி இருக்கக் கூடாது என்று சொல்பவை. விளம்பரமே வேண்டாம் என்று தொலைபேசியில் 1909 என்ற எண்ணுக்குச் சொல்ல முடிவது போல, கைப்பேசியின் உலாவியில் சொல்வதற்கு வழி செய்யும் விதி எதுவும் இல்லை. ஆண்ட்ராய்டில் மற்ற உலாவிகளையும் தேடல்களையும் அமுக்கிவைத்ததற்காகப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு ₹1,337.76 கோடி அபராதம் போட்டது. போனோடு வரும் உலாவியில் தடுப்பான் நீட்சிக்கு இடம் கொடு என்று கேட்பது அந்த வழக்கின் தருக்கத்துக்குள் எளிதாக அடங்கும். இதுவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அதுவரை கைப்பேசிக்காரர் செய்யக்கூடியவை இரண்டு உண்டு. ஆண்ட்ராய்டுக்கான ஃபயர்பாக்ஸை ஏற்றி, அதில் யூபிளாக் ஆரிஜினைச் சேர்ப்பது ஒன்று. மற்றொன்று: 2018-ல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல், நெட்வொர்க் அமைப்புகளில் தனிப்பட்ட டிஎன்எஸ் என்ற இடம் இருக்கிறது. விளம்பர முகவரிகளை வடிகட்டும் ஒரு சேவையின் பெயரை அதில் எழுதிவிட்டால், உலாவியில் மட்டுமின்றிப் பல செயலிகளிலும் விளம்பரம் நின்றுவிடும். காசு இல்லை, கடையிலிருந்து எதையும் இறக்க வேண்டியதில்லை. அரூர் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள ரீசார்ஜ் கடைகளில் ரீல்ஸ் ஏற்றித் தரும் பையன்களுக்கு இது இரண்டு நிமிட வேலை. ஆனால் யார் எந்த முகவரியைத் தேடுகிறார் என்பதை அந்தச் சேவைக்காரர் பார்க்க முடியும் என்பதால், யாரை நம்புகிறோம் என்று யோசித்து எழுத வேண்டும். யூடியூபில் இந்த டிஎன்எஸ் வழி பலிக்காது. அங்கே வீடியோவும் விளம்பரமும் ஒரே முகவரியிலிருந்து வருகின்றன. அங்கே மிச்சமிருப்பது மாதச் சந்தா, அல்லது ஸ்கிப் பொத்தான் தோன்றும் வரை ஐந்து விநாடி.